எந்த ஊர் பீர் இது?

ஜூலை மாதத்துச் சாயங்காலம். ஆந்திரத்துப் பங்காருபாளையத்தில் மாங்காய் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நேரம். சித்தூரிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையைவிட்டுச் சற்று உள்ளே தள்ளி ஒரு வைன்ஸ் கடை. நெடுஞ்சாலையோர மதுக்கடைகளுக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டபிறகு இந்தப் பக்கத்துக் கடைகளெல்லாம் இப்படிச் சந்துக்குள் நகர்ந்துவிட்டன. கம்பி வலைக்கு வெளியே பத்துப் பேர். முன்னால் நின்றவர் மண்டியில் லோடு ஏற்றுபவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. தோளில் துண்டு, மாம்பால் பட்டுக் கறுத்துப்போன விரல்கள். அவர் பிராண்டு கேட்கவில்லை. "சல்லகா உந்தா?" என்றுதான் கேட்டார். ஜில்லென்று இருக்கிறதா? கடைக்காரர் நீட்டிய பாட்டிலின் கழுத்தை உள்ளங்கையால் பொத்திப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். இன்னொன்று வந்தது. அதையும் பொத்திப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அப்புறம்தான் லேபிளைப் பார்த்தார்.

அவருக்கு அடுத்து நின்றது கர்நாடகப் பதிவெண் காரில் வந்த ஓர் இளைஞர். "இம்போர்ட்டட் ஏதாவது இருக்கா அண்ணா?" என்றார் தமிழில். பச்சை நிறத்தில் ஒரு சின்ன பாட்டில் கைமாறியது. ஐரோப்பியப் பெயர், கிரீடம் மாதிரி ஏதோ முத்திரை. அவருக்கு முகமெல்லாம் திருப்தி. பக்கத்தில் நின்ற நான் பின்பக்க லேபிளைப் படித்துவிட்டேன். கெட்ட பழக்கம்தான். பொடி எழுத்தில் இந்திய முகவரி ஒன்று இருந்தது. அந்தச் சீமைச் சரக்கு கப்பல் ஏறவே இல்லை.

உள்நாட்டு பீரா, வெளிநாட்டு பீரா என்ற கேள்வியை இந்த இருவரையும் வைத்துக்கொண்டுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. நான் உள்ளூர்க் கட்சி. ஆனால் எது உள்ளூர் என்பதில்தான் வம்பே இருக்கிறது. அதைப் பங்காருபாளையத்துக்காரர்களைப்போல அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் குறைவு.

2019 அக்டோபர் 1 முதல் ஆந்திரத்தில் மதுக்கடைகளை அரசே நடத்தத் தொடங்கியது. படிப்படியாக மதுவிலக்கு என்பது அன்றைய அரசு சொன்ன காரணம். கடைகளின் எண்ணிக்கை குறைந்தது. 2020 மே மாதம், ஊரடங்குக்குப் பிறகு கடை திறந்தபோது, இரண்டே நாளில் விலை 75 சதவீதம் ஏறியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாமல் போனது வேறொன்று. பழகிய பெயர்கள் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல்போய், யாரும் கேள்விப்படாத பெயர்கள் வந்து உட்கார்ந்தன. பூம் பூம் என்று ஒரு பீர். பிரசிடென்ட் மெடல், ஸ்பெஷல் ஸ்டேட்டஸ் என்று சரக்குகள். மாநிலத்துக்குச் சிறப்பு அந்தஸ்து கேட்டுப் போராடிய ஊரில் அந்த அந்தஸ்து பாட்டிலில்தான் கிடைத்தது என்று டீக்கடைகளில் சிரித்தார்கள். 2021 டிசம்பரில் பாஜகவின் அன்றைய மாநிலத் தலைவர் சோமு வீர்ராஜு, தங்களுக்கு ஒரு கோடி ஓட்டுப் போட்டால் நல்ல சரக்கு மலிவாகக் கிடைக்கும், வருமானம் கூடினால் 50 ரூபாய்க்கே தருவோம் என்று மேடையில் வாக்குக் கொடுத்தார். நாடே சிரித்தது. இங்கே சிரித்தவர்கள் குறைவு.

கவனியுங்கள், அந்த ஐந்து ஆண்டுகளும் ஆந்திரம் 'உள்ளூர்ச் சரக்கு' குடித்த ஆண்டுகள். சுதேசிக்காரர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும். என்ன நடந்தது? பலமநேர் தாண்டி நங்கிலியில் கர்நாடக எல்லை, குடியாத்தம் சாலையில் பரதராமியில் தமிழ்நாட்டு எல்லை. டூவீலர் சீட்டுக்கு அடியிலும் தக்காளிக் கூடையிலும் பாட்டில்கள் எல்லை தாண்டி வந்தன. டாஸ்மாக் சரக்கைத் தமிழ்நாட்டுக்காரர்கள் எந்த வாயால் திட்டுகிறார்களோ அந்த வாயைப் பார்த்துச் சித்தூர்க்காரர்கள் ஏங்கினார்கள் என்றால் நிலைமை புரியும். அந்தக் காலத்துக் கொள்முதலில் பெரும் ஊழல் நடந்தது என்று இப்போதைய அரசு வழக்குப் போட்டிருக்கிறது. அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். என் வருத்தம் வேறு. 'உள்ளூர்' என்ற நல்ல சொல்லை அந்த ஐந்து ஆண்டுகள் கெடுத்துவிட்டன. இன்று இங்கே யாரிடமாவது லோக்கல் பீர் என்று சொல்லிப்பாருங்கள், முகம் சுளிப்பார்கள். தேர்ந்தெடுக்க வழி இல்லாமல் கையில் திணிக்கப்பட்டது சொந்த ஊர்ச் சரக்காகவே இருந்தாலும் அன்னியம்தான்.

2024 அக்டோபர் 16 அன்று 3,396 தனியார் கடைகள் திறந்தன. 99 ரூபாய்க்குக் குவார்ட்டர் என்ற தேர்தல் வாக்குறுதியும் அலமாரிக்கு வந்தது. பழைய பெயர்கள் திரும்பி வந்தபோது ஜனங்கள் சொந்தக்காரர் வந்ததைப்போல வரவேற்றார்கள். அதிலும் மீன்கொத்திப் படம் போட்ட பாட்டிலுக்கு இருந்த வரவேற்பு தனி. "மன பீர் வச்சிந்தி" என்றார்கள். நம்ம பீர் வந்துவிட்டது.

நம்ம பீரா? அங்கேதான் அடுத்த சிக்கல்.

மீன்கொத்தி யாருடையது?

கிங்ஃபிஷரின் தாய்வீடு யுனைடெட் புரூவரீஸ். 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நீலகிரியின் காசில் புரூவரி உட்படத் தென்னிந்தியாவில் சிதறிக் கிடந்த ஐந்து மதுவாலைகளைச் சேர்த்துக் கட்டிய கம்பெனி அது. நாடு விடுதலையான சமயத்தில் விட்டல் மல்லையா கைக்கு வந்தது. மகன் விஜய் மல்லையா காலத்தில் மீன்கொத்தி பறந்ததும் விமானம் பறந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அவர் கடனில் மூழ்கி லண்டன் போனபிறகு, கடன் மீட்பு அதிகாரிகள் விற்ற பங்குகளை 2021-ல் வாங்கி, நெதர்லாந்தின் ஹைனகன் நிறுவனம் தன் பங்கை 61.5 சதவீதமாக உயர்த்திக்கொண்டது. ஆக, பங்காருபாளையத்தில் 'நம்ம பீர்' குடிக்கிறவர் தரும் லாபத்தில் பாதிக்கு மேல் ஆம்ஸ்டர்டாம் போகிறது. ஹேவர்ட்ஸ் ஒரு காலத்தில் ஷா வாலஸின் பிள்ளை, நாக் அவுட் மைசூர் புரூவரீஸின் பிள்ளை. முதலில் தென்னாப்பிரிக்க வேர் கொண்ட சாப்மில்லரிடம் போய், 2016-ல் அதையே விழுங்கிய பெல்ஜியத்தின் ஏபி இன்பெவ் வீட்டில் இப்போது குடியிருக்கின்றன. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் மூன்றாவது. 2021 செப்டம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் ஒரு தீர்ப்பு சொன்னது. இந்த மூவரும் பல ஆண்டுகள் கூட்டுச் சேர்ந்து விலையை நிர்ணயித்தார்கள் என்று கண்டு, 870 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உண்மையை முதலில் ஒப்புக்கொண்ட கம்பெனிக்கு அபராதம் தள்ளுபடி ஆனது. பெயரில் போட்டி, உள்ளே பந்தி ஒன்றுதான்.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. தமிழ்நாட்டில் டாஸ்மாக்கில் விற்கும் ஒரு பீருக்குப் பெயர் பிரிட்டிஷ் எம்பயர். பிரிட்டிஷ்காரனுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது, அசல் தமிழ்நாட்டுச் சரக்கு. அரசு ஆவணங்களிலேயே நம் பிராந்தி, விஸ்கிக்கு 'இந்தியாவில் தயாரிக்கப்பட்ட அயல்நாட்டு மது' என்றுதானே பெயர்! உலகத்தில் வேறெங்கும் இப்படித் தன்னைத்தானே குழப்பிக்கொண்ட சொல் இருக்குமா என்று தெரியவில்லை. வெளிநாட்டுக்காரன் கம்பெனி உள்நாட்டுப் பறவைப் பெயரிலும், உள்நாட்டுக்காரன் கம்பெனி வெள்ளைக்காரச் சாம்ராஜ்யத்தின் பெயரிலும் விற்கும் நாட்டில், லேபிளைப் பார்த்துத் தேசபக்தி காட்ட முடியாது.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம் ஆட்களைக் கேட்டால் டைகர் எங்கள் ஊர் பீர் என்பார்கள். 1932-ல் அது பிறந்ததே ஹைனகனும் ஃபிரேசர் அண்ட் நீவும் கூட்டாகத் தொடங்கிய மதுவாலையில்தான். எண்பது ஆண்டு கழித்து முழுசாக ஹைனகன் கைக்குப் போனது. அதற்காக அந்த ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் பீர் என்று சொல்வதை நிறுத்தினார்களா? இல்லை. பழக்கம் ஒரு பாத்தியதை. கம்பெனிச் சட்டம் இன்னொன்று.

பங்காருபாளையத்துக்கு இது பீரில்தான் தெரிய வேண்டும் என்றில்லை. மாங்காயிலேயே தெரியும். இந்த வட்டாரத்தின் தோத்தாபுரி, நம் பக்கத்துப் பேச்சில் கிளிமூக்கு, கூழாகி டப்பாவிலும் டிரம்மிலும் அடைபட்டுப் போகிறது. மாசா என்ற மாம்பழ பானம் பார்லேக்காரர்களின் இந்தியப் பிள்ளை. 1993-ல் கோகோ கோலாவுக்கு விற்கப்பட்டது. பழம் சித்தூருடையது, பெயரின் சொந்தக்காரர் அட்லாண்டாவில். 2025-ல் கிளிமூக்கு விலை கிலோ இரண்டு, மூன்று ரூபாய்க்கு விழுந்தபோது விவசாயிகள் டிராக்டர் டிராக்டராகச் சாலையோரம் கொட்டினார்கள். ஆலைகள் 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும், ஆக 12 என்று அறிவிப்பு வந்தது. அந்த ஜூலை 9 அன்று முன்னாள் முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி இதே பங்காருபாளையம் மார்க்கெட் யார்டுக்கு வந்தார். ஊர் திமிலோகப்பட்டது. அரசியலை விடுங்கள். லாரியில் காயோடு ஆலை வாசலில் இரண்டு நாள் காத்திருந்தவனுக்குத் தெரிந்த ஓர் உண்மை உண்டு: பண்டம் உன்னுடையதாக இருந்து, அதைப் பானமாக்கும் வேலையும் பெயரும் இன்னொருவருடையதாக இருந்தால், விலை உன் கையில் இல்லை.

ஆகவே உள்ளூர் பீர் எது என்று கேட்டால், நான் முதலாளியின் முகவரியைப் பார்க்க மாட்டேன், லேபிளில் உள்ள பறவையையும் பார்க்க மாட்டேன். இரண்டே கேள்விகள். எவ்வளவு தூரத்தில், எப்போது காய்ச்சியது? எந்த மண்ணின் தானியம்?

பீர் ரொட்டிக்குத்தான் உறவு

முதல் கேள்வியில் உள்ளூர்ச் சரக்கு கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும். விஸ்கியைப்போல வைத்து வைத்துக் குடிக்கும் பண்டம் அல்ல பீர். முளைகட்டிய தானியம், தண்ணீர், ஈஸ்ட், ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, இவ்வளவுதான். பிறந்த நாளிலிருந்தே வயசாகிறது. காற்றுப் பட்டால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸில் உள்ள சத்து மாறி ஒரு துர்நாற்றம் கிளம்பும். பழுப்பு நிறக் கண்ணாடி அந்த ஒளியைத் தடுக்கும். பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. நம்மூரில் ஆறு மாதம் என்று லேபிளில் போட்டிருந்தாலும், தகரக் கூரை போட்ட குடோனில் சித்திரை வெயிலில் ஒரு மாதம் கிடந்த பாட்டிலை நாக்கு கண்டுபிடித்துவிடும். அப்படியிருக்க, ஐரோப்பாவில் காய்ச்சிக் கண்டெய்னரில் அடைத்து, செங்கடல் வெயிலில் வெந்து, துறைமுகத்தில் வரி கட்டக் காத்திருந்து, லாரியில் மலையேறி வருகிற பச்சைப் பாட்டிலுக்குள் என்ன மிச்சம் இருக்கும்? அசலான ஜெர்மன் பீரின் சுவை ஜெர்மனியில் இருக்கும். இங்கே வருவது அதன் வயதான தாத்தா.

இதை முதலில் புரிந்துகொண்டவன் வெள்ளைக்காரன்தான். கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் கப்பலில் வரும் பீர் மாதக்கணக்கில் பயணித்துக் கெட்டது. கெடாமல் இருக்க ஹாப்ஸ் கூடப் போட்டு அனுப்பிப் பார்த்தார்கள். 'இந்தியா பேல் ஏல்' என்று இன்று பெங்களூரு இளைஞர்கள் ஆயிரம் ரூபாய் கொடுத்துக் குடிப்பது அந்தக் காலத்துப் பெயரைத்தான். கடைசியில் எட்வர்ட் டயர் என்பவர் 1850-களில் கசௌலி மலையில் சொந்தமாகக் காய்ச்ச ஆரம்பித்தார். ஜாலியன்வாலாபாக் டயரின் தகப்பனார். மகன் செய்ததை நினைத்தால் அந்தப் பெயரை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் இந்தியாவில் முதன்முதலாகச் சீமை பீர் வேண்டாம், இங்கேயே காய்ச்சுவோம் என்று முடிவெடுத்தவர்களில் அவர் ஒருவர். அந்த மதுவாலையை 1949-ல் நரேந்திரநாத் மோகன் வாங்கினார். கோல்டன் ஈகிளும் ஓல்ட் மாங்க்கும் வந்த வீடு அது.

2026 ஜனவரி 27 அன்று ஐரோப்பிய ஒன்றியத்துடனான வணிக ஒப்பந்தப் பேச்சு முடிந்ததாக அறிவித்தார்கள். அது நடைமுறைக்கு வந்தால் அங்கிருந்து வரும் பீருக்கான 110 சதவீத இறக்குமதி வரி 50 ஆகக் குறையும். இன்று 'இம்போர்ட்டட் இருக்கா' என்று கேட்கும் தம்பிக்கு நாளை நிஜமாகவே இறக்குமதிச் சரக்கு கிடைக்கலாம். கிடைக்கட்டும். வரிச்சுவர் கட்டித்தான் உள்ளூர் பீரைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆந்திரத்தின் ஐந்து ஆண்டுப் பாடமே அதற்கு எதிரானது. அந்தத் தம்பியிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்று: தேதியைப் பார். லோடு ஏற்றும் அண்ணன் பாட்டிலின் குளிரைப் பார்த்தது மாதிரி, நீ தயாரித்த தேதியைப் பார்.

சாடியில் இருந்த பீர்

இரண்டாவது கேள்வி தானியம். இதில்தான் நம் கதை சுவாரசியமாகிறது.

வெளிநாட்டுச் சரக்கின்மேல் மோகம் நமக்கு நேற்று வந்ததல்ல. யவனர்கள் அழகான கலங்களில் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் ஏந்தித்தர உண்டு மகிழ்வாயாக என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். புறநானூற்றின் 56-ஆம் பாட்டு. ராஜாவுக்கு இம்போர்ட்டட். அதே புறநானூற்றில் தகடூர் அதியமான் செத்துப்போனபிறகு ஔவை அழும் பாட்டில் வருவது கள். கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று நினைத்து நினைத்து அழுகிறாள். தகடூர் என்பது இன்றைய தருமபுரி, இங்கிருந்து தெற்கே அதிகத் தூரமில்லை. உள்ளூர் மதுவைப் பற்றி உலக இலக்கியத்தில் இதைவிட அன்பாக எழுதப்பட்டிருக்கிறதா, தெரியாது.

அது கள். பீர்? அதுவும் இருந்தது. பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் ஒரு செய்முறையே எழுதி வைத்திருக்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, கறையான் புற்றுக்குள்ளிருக்கும் குரும்பி போன்ற முளை அடையை அதில் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு போனபிறகு, வலுவான வாயுடைய சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்து வடிகட்டுகிறார்கள். வலைஞர் குடியிருப்பில் சுட்ட மீனோடு பாணனுக்கு அது விருந்து. முளைகட்டிய தானியம், களி, புளிப்பேறக் காத்திருத்தல், வடித்தல். எந்த ஜெர்மானிய மதுவாலைக்காரரும் இதைப் படித்துவிட்டுத் தன் தொழில் என்று அடையாளம் கண்டுகொள்வார். பாட்டின் தலைவன் காஞ்சியின் தொண்டைமான் இளந்திரையன். அந்தத் தொண்டை மண்டலம் வடக்கே வேங்கடம் வரை நீண்டது. வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் வெட்டி எடுத்து 1911-ல் உருவாக்கிய சித்தூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அந்த மண்தான். ஆக, நம் ஊர் பீரின் செய்முறை இரண்டாயிரம் ஆண்டாகப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. காய்ச்சத்தான் ஆளில்லை.

ஏன் ஆளில்லாமல் போனது என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, மறு ஆண்டு கொண்டுவந்தது சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்குத்தான். கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் மதராஸ் மாகாணத்தில் விற்பனை வரி வந்தது. இன்று ஜிஎஸ்டி கட்டும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய சரித்திரம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, பீருக்குத் தடையில்லை. பனையேறி குற்றவாளி, மதுவாலை முதலாளி தொழிலதிபர். எல்லைக்கு இந்தப் பக்கம் நிலைமை பரவாயில்லை. ஈச்சங்கள்ளும் பனங்கள்ளும் ஆந்திரத்தில் இறக்கலாம். புதிய கொள்கையில் கள் இறக்கும் சமூகத்தாருக்கென்று பத்து சதவீதம், 340 மதுக்கடைகள் ஒதுக்கியிருக்கிறார்கள். கள் இறக்குபவர் கையில் பாட்டில் கடையைக் கொடுத்து விற்கச் சொல்வது மரியாதையா, மரத்திலிருந்து இறக்கிவிடும் தந்திரமா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கள் என்றதும் அமிர்தம் என்று கொண்டாடுகிறவர்கள் கூட்டத்திலும் நான் இல்லை. 2025 ஜூலையில் ஹைதராபாத் கூகட்பல்லியில் கலப்படக் கள் குடித்து உயிர்கள் போயின. மரத்திலிருந்து வடிவது ஒன்று, தூக்க மருந்து கலந்து பாக்கெட்டில் வருவது ஒன்று. உள்ளூர் என்பதே தரச்சான்று ஆகாது.

இந்த இடத்தில் இன்னொரு குரலும் குறுக்கே வருகிறது, வரத்தான் வேண்டும். நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பற்றி, 1993-ல் சாராயம் தடையானது, 1995-ல் என்.டி.ராமராவ் முழு மதுவிலக்கு கொண்டுவந்தார், 1997-ல் அது தளர்ந்தது. அந்தப் பெண்களிடம் போய் உள்ளூர் பீரா சீமை பீரா என்று கேட்டால் துடைப்பத்தை எடுப்பார்கள். நியாயம். ஆனால் அவர்கள் மூடியது சாராயத்தை. அரசாங்கம் பிறகு திறந்துவிட்டதோ அதைவிடக் காரமான பாட்டில்களை. நம் வரி முறையும் அதற்கே ஒத்தாசை. உள்ளே இருக்கும் போதைக்குக் கணக்குப் பார்த்தால் லேசான பீர் குடிப்பவன்தான் அதிக வரி கட்டுகிறான். அதனால்தான் இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பங்கு 'ஸ்ட்ராங்'. சுவைக்கு யாரும் வாங்குவதில்லை, காசுக்கு ஏறுகிறதா என்றே வாங்குகிறார்கள். அதை மாற்றாமல் உள்ளூர் பீர், கைவினை பீர் என்று பேசுவது பெங்களூரு மேல்தட்டுப் பேச்சாகவே நின்றுவிடும்.

ராகியைக் கேட்டுப்பாருங்கள்

தானியத்துக்கு வருகிறேன். இந்திய பீரில் போகும் பார்லி பெரும்பாலும் ராஜஸ்தான், ஹரியானா, உத்தரப் பிரதேசத்தில் விளைவது. கூடவே அரிசி, மக்காச்சோளம். ஹாப்ஸ் பெரும்பாலும் இறக்குமதி. தெற்கின் சிறுதானியம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் பாட்டிலுக்குள் இல்லை. பலமநேர் மேட்டில் விளைவது ராகி. காலையில் ராகி சங்கட்டியும் வேர்க்கடலைச் சட்னியும் தின்று வேலைக்குப் போகிற ஊர்கள் இவை. அதே ராகியைச் சிக்கிமிலும் டார்ஜிலிங் மலைகளிலும் புளிக்கவைத்து, மூங்கில் குடுவையில் போட்டு, சுடுநீர் ஊற்றி, குழல் வைத்து உறிஞ்சுகிறார்கள். தோங்பா என்று பெயர். நாம் குழந்தைக்கு ராகியை முளைகட்டிக் காயவைத்து மாவாக்கிக் கஞ்சி காய்ச்சுகிறோமே, அந்த முளைகட்டல்தான் பீருக்கும் முதல் படி. நம் பாட்டிமார்கள் பாதித் தொழிலைத் தினமும் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நைஜீரியாவைக் காட்டலாம். 1988-ல் அந்நியச் செலாவணி நெருக்கடியில் அந்த நாடு பார்லி, மால்ட் இறக்குமதியைத் தடைசெய்தது. கின்னஸ் உட்பட எல்லாப் பெரிய கம்பெனிகளும் உள்ளூர்ச் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் மாறியாக வேண்டி வந்தது. கத்தினார்கள். பிறகு கற்றுக்கொண்டார்கள். தடை பின்னால் தளர்ந்தபோதும் சோளம் மதுவாலையை விட்டுப் போகவில்லை. பிராண்டுகள் அயல்நாட்டுடையவையாகவே இருந்தன, முதலாளிகளும் அப்படியே. ஆனால் உழவன் வயலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே ஒரு பாதை போட்டாகிவிட்டது. ஆந்திரம் லேபிளை உள்ளூராக்கியது, நைஜீரியா தானியத்தை உள்ளூராக்கியது. எது நிலைத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆசை என்னவென்றால், ஹைனகனோ கார்ல்ஸ்பெர்க்கோ யாராகவும் இருக்கட்டும், ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் விற்கிற பாட்டிலில் இவ்வளவு பங்கு தெற்கத்திச் சிறுதானியம் என்று இருந்தால் வரியில் சலுகை என்று ஓர் ஏற்பாடு. அதோடு, கர்நாடகத்தைப்போலச் சின்ன மதுவாலைகள் பெருகினால், கூழ் ஆலையில் விலைபோகாத கிளிமூக்கில் கொஞ்சம் பீருக்கும் போகும். மாம்பழம் போட்ட பீர் நன்றாக இருக்குமா என்று கேட்டால், பெங்களூரில் ஒரு முறை குடித்திருக்கிறேன். கொஞ்சம் தித்திப்பு தூக்கல். ஆனால் பழம் எங்கிருந்து வந்தது என்று பரிமாறியவரைக் கேட்டபோது, அவர் "அல்போன்சா சார், ரத்னகிரி" என்று பெருமையாகச் சொன்னார். நூற்றைம்பது கிலோமீட்டரில் பங்காருபாளையத்தில் காயைச் சாலையில் கொட்டிக்கொண்டிருந்த வருஷம் அது.

அன்று அந்த வைன்ஸ் கடை வாசலில் இருட்டும்வரை நின்றிருந்தேன். லோடு ஏற்றும் அண்ணன் சுவரோரம் குந்திக் குடித்து முடித்துப் போனார். கார்த் தம்பியும் போய்விட்டார். சாக்குப் பையோடு ஒரு கிழவி வந்தாள். பழுப்புப் பாட்டில்களை ஒரு பையிலும் பச்சையை இன்னொன்றிலும் போட்டாள். தோள்பட்டையில் வெள்ளை வெள்ளையாகத் தேய்ந்திருந்த பழுப்புப் பாட்டில் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தாள். பலமுறை மதுவாலைக்குத் திரும்பிப்போய்க் கழுவி நிரப்பப்பட்டு வந்த பாட்டில்கள்தான் அப்படித் தேயும். எங்கே போகும் இது என்று கேட்டேன். சித்தூர் காயலான் கடைக்கு, அங்கிருந்து கம்பெனிக்கு என்றாள். எந்தக் கம்பெனி? கண்ணாடியில் புடைத்திருந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிட்டு, பாட்டிலைப் பையில் போட்டாள்.

"சதுவு ராது நாயனா, படிக்கத் தெரியாது. எழுத்து இருந்தா ஒரு விலை, இல்லாட்டி ஒரு விலை."